எதை எதனால் ஒட்டுவது, ஒட்டியதை எப்படிப் பிரிப்பது: கைவேலைக்குப் புதியவர்களுக்கு

ஹார்டுவேர் கடையில் போய் “நல்லா ஸ்ட்ராங்கா ஒட்டுற பசை குடுங்க” என்று கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். அது தரமான பசையாகவே இருக்கும். ஆனால் ரப்பர் பசையைத் தெர்மாகோலில் தடவினால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். மரத்துக்கான வெள்ளைப் பசையை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்தால் ஒரு வாரம் ஆனாலும் நடுவில் ஈரமாகவே கிடக்கும். ஃபெவிகுயிக்கால் ஒட்டிய செருப்பு வார் நாலு எட்டு வைத்ததும் பிய்ந்துவிடும். மூன்றிலும் பசை மேல் குற்றமில்லை. பசையின் பலத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஒட்டப்போகும் இரண்டு பரப்புகளையும் விசாரிக்க வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், பரப்பு ஈரத்தை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் தெரிந்துவிடும். மரம், அட்டை, துணி, சுட்ட மண் போன்றவை ஓரிரு நிமிடத்தில் இழுத்துக்கொள்ளும். இவற்றுக்குத் தண்ணீர் சேர்த்துச் செய்த பசைகள் எல்லாம் ஒத்துவரும். உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக்கில் சொட்டு அப்படியே நிற்கும். அங்கே பசையிலுள்ள தண்ணீர் வெளியேற வழியில்லை என்பதால் தானாகவே இறுகும் பசை வேண்டும். இரண்டு பரப்பில் ஒன்று உறிஞ்சினாலும் வெள்ளைப் பசையை முயன்று பார்க்கலாம்.

அடுத்து, ஒட்டிய இடம் வளையுமா என்பது. தோல், ரெக்சின், ரப்பர், துணி ஆகியவை தினமும் மடங்கும். விறைப்பாக இறுகும் பசை அங்கே விரிசல் விட்டு உதிரும். மூன்றாவது, இரண்டு துண்டும் எவ்வளவு நெருக்கமாக உட்காருகின்றன என்பது. நடுவே காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலே மெல்லிய பசைகள் பயன்படாது. நாலாவது, அந்தப் பொருள் எங்கே இருக்கப்போகிறது என்பது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சூடேறும். குச்சியைச் சூட்டில் உருக்கி வைக்கும் ஹாட் குளூவில் ஒட்டிய பொம்மை அங்கே கழன்று விழுவதில் ஆச்சரியமில்லை.

ஐந்தாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதே இல்லை: இதைப் பின்னால் பிரிக்க வேண்டி வருமா? வயலின் செய்பவர்கள் இன்றும் அதன் மேல்பலகையை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டுகிறார்கள். நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் அதே வகைதான். உள்ளே பழுது பார்க்க வேண்டி வந்தால் மெல்லிய கத்தியும் கொஞ்சம் ஈரச்சூடும் கொண்டு பலகை உடையாமல் திறந்துவிடலாம் என்பதே அதற்குக் காரணம். கடிகாரம், பொம்மை, எலக்ட்ரானிக் பெட்டி, புகைப்படச் சட்டம் என்று ஒருநாள் திறக்க வேண்டி வரக்கூடிய எதற்கும், வேலை நடக்கிற அளவுக்குப் போதுமான பசைகளில் எளிதாகப் பிரியக்கூடியதையே தேர்ந்தெடுங்கள். தேவைக்கு மேல் பலமான பசை, அடுத்த முறை பொருளையே உடைக்க வைக்கும்.

எந்தப் பசையானாலும் ஈரத்தை உறிஞ்சாத பரப்பைத் தயார் செய்யும் முறை ஒன்றுதான். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். வழவழப்பான பரப்பை 150 முதல் 220 வரை எண்ணுள்ள உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். தூசியைத் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள் (அக்ரிலிக்குக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம்). அதன் பிறகு ஒட்டும் இடத்தில் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே உலோகத்திலும் கண்ணாடியிலும் ஒட்டைக் கெடுக்கப் போதும். பசையைத் திறப்பதற்கு முன் பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கிளாம்ப், துணி கிளிப், ரப்பர் பேண்டு, மாஸ்கிங் டேப் என்று எதைக் கொண்டு பிடிக்கப்போகிறீர்களோ அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மரத்துக்கும் அட்டைக்கும் வெள்ளைப் பசை

ஃபெவிகால் என்று நாம் பொதுவாகக் கேட்டு வாங்கும் வெள்ளைப் பசையில் பாலிவினைல் அசிடேட் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ள, துகள்கள் நெருங்கி ஒன்றாகி இறுகுகின்றன. நல்ல மரத்தில் சரியாக ஒட்டிய இணைப்பைப் பிளந்தால் பசைக்கோடு விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். விலையும் குறைவு, வாடையும் இல்லை. மர வேலைக்கு இதைத் தாண்டி வேறெதையும் தேட வேண்டியதில்லை.

சதுர அடிக்கு 15 முதல் 20 கிராம், அதாவது மூன்று நாலு டீஸ்பூன் போதும். பழைய ஏடிஎம் கார்டை வைத்து இழுத்து, மரத்தின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்குப் படரவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். விளிம்பு நெடுக சிறு முத்துகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. வழிந்து ஓடினால் அதிகம். எதுவுமே வராவிட்டால் குறைவு அல்லது கிளாம்ப் தளர்வு. ஒரு மணி நேரம் கிளாம்பிலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் அதை இரண்டு மடங்காக்குங்கள். முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை பாரம் ஏற்றக்கூடாது.

புகைப்படச் சட்டம் செய்பவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல் ஒன்று உண்டு. மூலையை 45 டிகிரியில் அறுத்தால் மரத்தின் நார் முனைகள் வெளியே தெரியும். அந்த முனைகள் உறிஞ்சுகுழல் மாதிரி பசையை உள்ளே இழுத்துவிடும், ஒட்டும் இடத்தில் பசையே மிஞ்சாது. அதனால்தான் புதுச் சட்டத்தின் மூலை ஒரு மாதத்தில் வாய் பிளக்கிறது. வெட்டிய முகத்தில் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். அது உள்ளே போய்த் துளைகளை அடைத்ததும் இரண்டாவது பூச்சு கொடுத்து ஒட்டுங்கள். சட்டம் பெரிதென்றால் மூலைக்கு ஒரு மெல்லிய ஆணியும் தேவை.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அது கரைந்து பக்கத்து மரத் துளைகளுக்குள் இறங்கிவிடும். பின்னால் பாலிஷ் போடும்போது அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். இருபது முப்பது நிமிடம் பொறுத்து, பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுப்பது மேல். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். குளியலறை, மொட்டை மாடி வேலைகளுக்கு மரைன் என்று அச்சிட்ட, நீர் தாங்கும் வகையை வாங்குங்கள்.

காகிதத்தில் இதே பசை சுருக்கம் விழச் செய்யும். பெரிய காகிதத்துக்குக் குளூ ஸ்டிக், காகிதச் சுருள் வேலையான குயில்லிங்குக்கு ஊசிமுனைக் குப்பியில் ஒரு துளி. புத்தகக் கட்டுக்கும் காற்றாடிக்கும் மைதா பசை போதுமானது. புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். மயில்துத்தம் நஞ்சு. குழந்தைகள் தொடும் வேலையில் சேர்க்காதீர்கள்.

ஒரு துளிப் பசை

ஃபெவிகுயிக் போன்றவை சயனோஅக்ரிலேட் வகை. பரப்பின் மேலும் காற்றிலும் உள்ள ஈரம் பட்டதும் இது இறுகத் தொடங்கும். அந்த ஈரப்படலம் மிக மெல்லியது. அதனால் பசையும் மெல்லியதாக இருந்தால்தான் முழுவதும் இறுகும். சதுர அங்குலத்துக்கு ஒரு துளி போதும். “கூட இரண்டு சொட்டு விடலாம்” என்பதுதான் இந்தப் பசையில் அதிகம் நடக்கும் தவறு. தடித்த பசை உள்ளே திரவமாகவே நிற்கும், வெளியே வழிந்து வெள்ளைப் படலம் உண்டாக்கும், இறுகிய பின்னும் பலவீனமாக இருக்கும்.

ஒரு பக்கத்தில் மட்டும் துளி வைத்து, சேர்த்து, 30 விநாடி அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். இழுவையை இது நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் விசையையும் திடீர் அடியையும் தாங்காது. உடைந்த பீங்கான் கோப்பையின் கைப்பிடி இதில் ஒட்டும். ஆனால் சூடும் அடிக்கடி கழுவலும் சேர்ந்து அதைச் சீக்கிரம் விடச் செய்யும். கொதிக்கும் காபியோடு கையில் பிடிக்கும் பொருளுக்கு எந்தப் பசையையும் நம்ப வேண்டாம்.

கறுப்பு அல்லது தெளிவான பிளாஸ்டிக்கில் ஒட்டிய மறுநாள் ஓரத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரிவது பசையின் ஆவி படிந்ததால்தான். அளவைக் குறைத்து, மின்விசிறிக் காற்று மெல்லப் படும் இடத்தில் வைத்து ஒட்டினால் குறையும். ஒட்டியதை உடனே டப்பாவுக்குள் மூடி வைத்தால் ஆவி உள்ளேயே சுற்றி முழுவதும் படியும். மூக்குக் கண்ணாடி, கேமரா லென்ஸ் பக்கத்தில் இந்தப் பசையே வேண்டாம். தங்கத்தாள் அல்லது பாதரசப் பூச்சு போன்ற பின்பக்கம் கொண்ட கற்களையும் இது மங்க வைக்கும். நகை வேலைக்கும் தஞ்சாவூர் ஓவியக் கற்களுக்கும் தண்ணீர் சேர்ந்த பசையோ மெதுவாக இறுகும் தெளிவான எபாக்சியோதான் பாதுகாப்பு.

சின்ன இடைவெளியை நிரப்ப, ஆப்பச் சோடாவைச் சிட்டிகை அளவு தூவி மேலே ஒரு துளி விட்டால் கண் எதிரே கல்லாக இறுகும். பல அடுக்குகளாகப் போடலாம். ஒவ்வொரு அடுக்கும் மெல்லியதாக இருக்கட்டும். இறுகும்போது சூடும் காரமான ஆவியும் வரும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை, பருத்தி. பஞ்சு, பருத்திக் கையுறை, டிஷ்யூ காகிதம் ஆகியவற்றில் இந்தப் பசை நிறையக் கொட்டினால் சட்டென்று சூடேறிப் புகையும், தோலைச் சுட்டுவிடும். சட்டையில் கொட்டினால் துடைக்காதீர்கள், நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கக்கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டு, பென்சிலை நடுவே உருட்டுவது போல மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவியபடி நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இமையைப் பிரிக்க முயலக்கூடாது, இந்தப் பசையைக் கரைக்கும் திரவமான அசிட்டோன் கண் பக்கமே போகக்கூடாது.

திறந்த குப்பியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த குப்பிக்குள் காற்றின் ஈரம் வேர்த்து, பசை உள்ளேயே இறுகிவிடும்.

எபாக்சி

உலோகம், கண்ணாடி, கல், பீங்கான், பொருந்தாத இடைவெளிகள் எல்லாவற்றுக்கும் அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசைதான் பதில். இதில் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஒரு குழாயில் இருக்கும் ரெசினும் மற்றதில் இருக்கும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுகின்றன. அதனால் தடிமனாகப் போட்டாலும் சுருங்காது.

வினை என்பதால் அளவு தவறக்கூடாது. பெரும்பாலான வீட்டு வகைகளுக்குக் கனஅளவில் சமபங்கு. அட்டையில் அச்சிட்டிருப்பதே இறுதி. எடை போட்டு எடுத்தால் அதே விகிதம் வராது, இரண்டின் அடர்த்தியும் வேறு. ஓடு துண்டின் மேல் ஒரே நீளத்துக்கு இரண்டு கோடுகளாகப் பிதுக்குங்கள். ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு நிமிடம் முழுதாகக் கலக்குங்கள். ஓரத்தையும் குச்சியில் ஒட்டியதையும் வழித்து உள்ளே சேர்த்துக் கலக்க வேண்டும். கோடுகோடாக நிறம் தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். மறுநாளும் பிசுபிசுவென்று இருக்கும் எபாக்சி, அளவு தவறியதாலோ கலக்காததாலோ வந்தது. வெயிலில் வைத்தாலும் அது சரியாகாது, வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் வேகம் கூடாது, பலம்தான் குறையும்.

கலந்ததைக் கிண்ணத்தில் குவித்து வைக்காதீர்கள். வினையின் சூடு வெளியேற வழியின்றி, குவியல் தானே சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். தட்டையாகப் பரப்பினால் வேலை செய்ய அதிக நேரம் கிடைக்கும். ஐந்து நிமிட வகையில் உண்மையில் கிடைப்பது மூன்று நாலு நிமிடம்தான், நம் ஊர் மே மாதத்தில் அதைவிடக் குறைவு. அவசரமில்லாத வேலைக்கு மெதுவாக இறுகும் சாதாரண வகையை வாங்குங்கள். ஒட்டு அதிக உறுதியாக இருக்கும், துண்டுகளைச் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும்.

நைட்ரைல் கையுறை போடுங்கள். எபாக்சி பலமுறை தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி நிரந்தரமாகிவிடும். கையில் பட்டால் சோப்புத் தண்ணீர்தான். தின்னரால் துடைத்தால் அது பசையைத் தோலுக்குள் இன்னும் கொண்டுபோகும்.

ரப்பர் பசை, ஹாட் குளூ

தோல், ரெக்சின், ரப்பர், சன்மைக்கா ஆகியவற்றுக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் பிரித்தே வையுங்கள். விரல் வைத்தால் ஒட்டாமல் காய்ந்த மாதிரி தெரியும்போதுதான் சேர்க்க வேண்டும். பொறுமையில்லாமல் ஈரத்தோடு சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளமாகும். சேர்த்த பின் நகர்த்த முடியாது என்பதால், பெரிய தாளுக்கு நடுவே சில குச்சிகளை வைத்து, சரியான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாக உருவியபடி அழுத்துங்கள். இதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் இல்லாத, ஜன்னல் திறந்த அறையில் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஹாட் குளூ வேகமானது, சுத்தமானது, பலம் குறைவு. சின்னக் குளூ கன்னுக்கு 7 மி.மீ. குச்சி, பெரியதற்கு 11 மி.மீ. உலோகத்திலும் கண்ணாடியிலும் அது சட்டென்று உரிந்து வருவதற்குக் காரணம், அவை பசையின் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடுவது. ஒட்டுமுன் ஹேர் டிரையரால் அந்த இடத்தைச் சூடாக்கினால் பிடிக்கும். தோலில் பட்டால் பிய்க்காமல் அப்படியே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்.

படுத்தி எடுக்கும் பொருட்கள்

பக்கெட், டிபன் டப்பா, எண்ணெய் கேன் போன்றவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற எண் இருந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். கடையில் கிடைக்கும் சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. பசை தேடி அலைவதைவிடத் துளையிட்டு ஸ்க்ரூவோ ரிவெட்டோ போடுவது நல்லது. பசை கலக்கும் தட்டாக அதே பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாம், காய்ந்ததும் உதிர்ந்து வந்துவிடும். பி.வி.சி. குழாய்க்கு அதற்கான சால்வென்ட் சிமென்ட்: தடவி, உள்ளே செருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, 30 விநாடி பிடிக்க வேண்டும்.

தெர்மாகோலை அசிட்டோன், தின்னர், ரப்பர் பசை, சாதாரண ஃபெவிகுயிக் நாலுமே கரைக்கும். வெள்ளைப் பசையோ, குறைந்த சூட்டு ஹாட் குளூவோ மட்டும். இரண்டு பெரிய தெர்மாகோல் பலகைகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் நடுப்பகுதி காய நாளாகும். பசையைக் கோடுகோடாக இழுத்து, காற்றுப் போக இடம் விட்டு, பல்குச்சிகளைக் குத்தி நிறுத்தி இரண்டு நாள் விடுங்கள்.

அக்ரிலிக் தகட்டைக் கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் விட்டு உருக்கி ஒட்டுவார்கள். அதன் ஆவி ஈரலுக்குக் கேடு, வீட்டுக்குள் வேண்டாம். தெளிவான எபாக்சி போதும். அக்ரிலிக்கை ஆல்கஹாலாலும் துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விழும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்பக்கமாக ஒட்டும்போது, வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் பின்பூச்சை அரித்துக் கறுப்பாக்கும். நியூட்ரல் என்று போட்ட சிலிகானை வாங்குங்கள். 3டி அச்சுப் பொருள் பி.எல்.ஏ. வகை பிளாஸ்டிக் என்றால் ஃபெவிகுயிக், ஏ.பி.எஸ். வகை என்றால் அசிட்டோனைத் தூரிகையால் தொட்டு வைத்தாலே உருகி ஒன்றாகும்.

ஒட்டியதைப் பிரித்தல்

பசையைத் தாக்குவது எதுவோ அது பொருளையும் தாக்கலாம். ஆகவே மென்மையானதிலிருந்து தொடங்கி, பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்: முதலில் கை, பிறகு வெந்நீர், பிறகு சூடு, பிறகு எண்ணெய், பிறகு ஆல்கஹால், கடைசியாக அசிட்டோன். ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு, ஒரு நிமிடம் பார்த்த பிறகே முன்பக்கம் வைக்க வேண்டும். நிறம் பஞ்சில் ஏறினாலோ, பரப்பு மங்கினாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

காய்ந்த வெள்ளைப் பசை வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி அரைமணி விட்டால் வெளுத்து இளகும். வெதுவெதுப்பான வினிகர் இன்னும் வேகம். நாற்காலிக் கால் போன்ற இணைப்பில் ஊசியில்லாத சிரிஞ்சால் சூடான வினிகரை இடுக்கில் விட்டு, ஆட்டிக்கொண்டே பிரிக்கலாம். மீதிப் பசையை முழுவதும் சுரண்டி மரம் தெரிந்த பிறகே திரும்ப ஒட்ட வேண்டும். பழைய பசை மேல் போட்ட புதுப் பசைக்கு உறிஞ்ச மரம் கிடைக்காது.

ஹாட் குளூவின் ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பசைக்கும் பரப்புக்கும் நடுவே அது ஊர்ந்து போய், சில விநாடியில் முழுத் துண்டாகக் கழன்று வரும். பசை கரைவதில்லை, பிடி மட்டும் விடுகிறது. ரப்பர் பசையைக் காய்ந்த பின் கட்டைவிரலால் உருட்டினாலே பெரும்பகுதி உருண்டு வரும், மிச்சத்துக்குக் கொஞ்சம் டர்பென்டைன். ஸ்டிக்கர் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம், அடம் பிடித்தால் நீலகிரித் தைலம். இரட்டைப் பக்க டேப்பை ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பை இடையே விட்டு ரம்பம் போல இழுத்து அறுங்கள். சிலிகானைக் கரைக்க வீட்டில் எதுவும் இல்லை. பிளேடால் சீவ வேண்டும், ஒரு படலம் மிஞ்சினாலும் அதன் மேல் வேறெந்தப் பசையும் நிற்காது.

ஃபெவிகுயிக் வகையை அசிட்டோன் கரைக்கும். நகப்பூச்சு அகற்றியில் சிலவற்றில் அசிட்டோனே இருக்காது, குப்பியைப் படித்து வாங்குங்கள். கண்ணாடி, உலோகம், பீங்கான் மேல் அது பாதுகாப்பானது. பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., அக்ரிலிக், அசிடேட் துணி, பெயின்ட், வார்னிஷ் எல்லாவற்றையும் கெடுக்கும். சாதாரண வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றும், பூஜை விளக்கு எரியும் அறையில் மூடியைத் திறக்காதீர்கள்.

இறுகிய எபாக்சியை எதுவும் கரைக்காது. சூடுதான் வழி. சாலிடரிங் இரும்பின் நுனியை உலோகத் துண்டின் மேல் வைத்துச் சூடேற்றினால் பசை ரப்பர் போல இளகும், அப்போதே நெம்பி எடுக்க வேண்டும், ஆறினால் மறுபடியும் இறுகிக்கொள்ளும். கருகும் அளவுக்குச் சூடாக்கினால் வரும் புகை கெட்டது.

உடைந்த கொலு பொம்மை

பண்ருட்டி, விளாச்சேரி மண் பொம்மைகளில் கையும் விரலும்தான் முதலில் போகும். அவசரத்துக்கு யாரோ ஃபெவிகுயிக்கால் ஒட்டி, அது மறு வருடமே விட்டிருக்கும். மண்ணின் துளைகளுக்குள் பசை ஓடிவிட்டதால் பிடி இல்லாமல் போனதுதான் காரணம். உடைந்த பரப்பைச் சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே கண்ணாடி போல மின்னும் படலம் தெரியும். அது இருக்கும்வரை இரண்டு துண்டும் நெருங்கிச் சேராது.

பொம்மையின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துத் தொட்டுப் பாருங்கள். சேறாகக் கரைந்தால் சுடாத மண் அல்லது காகிதக் கூழ், தண்ணீர் சேர்ந்த எதுவும் கூடாது. கரையாமல் உறிஞ்சினால் தொடரலாம்.

அசிட்டோன் தொட்ட சிறு பஞ்சை உடைந்த பரப்பின் நடுவில் மட்டும் வையுங்கள். வர்ணத்தின் விளிம்புக்கும் பஞ்சுக்கும் இடையே 2 மி.மீ. இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் வர்ணம் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். மேலே அலுமினியத் தாளைச் சுற்றி 15 நிமிடம் விட்டு, இளகிய படலத்தைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். மினுமினுப்பு மறையும்வரை மூன்று நாலு முறை செய்ய வேண்டி வரும். விளிம்பில் மிஞ்சியதை பிளேடு நுனியால் உலர்வாகவே எடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் பொம்மையின் முகத்தைக் கெடுக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் காயவிட்டு, தூரிகையால் தூசி தட்டுங்கள். ஒரு பங்கு வெள்ளைப் பசையை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து, உடைந்த இரண்டு பரப்பிலும் ஒருமுறை பூசி இரவு முழுக்க விடுங்கள். உதிரும் மண் இறுகி, அடுத்த பூச்சைத் தாங்கும். மறுநாள் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, சேரும் கோட்டின் குறுக்கே பென்சிலால் இரண்டு இடத்தில் குறி போடுங்கள்.

இப்போது எந்தப் பசை? விரல், கை போன்ற எடை குறைந்த பாகத்துக்கு வெள்ளைப் பசையே போதும், பின்னால் விட்டால் வெந்நீரில் பிரித்துத் திரும்ப ஒட்டலாம். அருங்காட்சியகங்களில் பானை ஓடுகளை ஒட்டப் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துவதும் இதே நோக்கில்தான், எத்தனை வருடம் கழித்தும் அது அசிட்டோனில் கரையும். சுடாத மண்ணுக்கும் அது ஏற்றது. பொம்மையின் பீடமோ இடுப்போ உடைந்திருந்தால் மட்டும் மெதுவாக இறுகும் எபாக்சி, தேவையென்றால் உள்ளே 1 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்று.

பசையை ஒரு பரப்பில் மட்டும், விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளித் தடவுங்கள். குறிகள் சேரும்படி அழுத்தி, மாஸ்கிங் டேப் ஒட்டினால் வர்ணம் உரியுமா என்று அடியில் சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு துண்டு டேப்பால் கட்டுங்கள். ஒரு கிண்ணம் நிறைய அரிசியில் பொம்மையைச் சாய்த்துப் புதைத்து, ஒட்டிய துண்டு நேர் மேலே நிற்கும்படி வையுங்கள். துண்டின் எடையே அதை அழுத்திப் பிடிக்கும், பக்கவாட்டில் நழுவாது. 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு, சேர்ந்த கோட்டில் பள்ளம் தெரிந்தால் சாக்பீஸ் பொடியை வெள்ளைப் பசையில் குழைத்து நிரப்பி, காய்ந்ததும் 320 உப்புத்தாளால் தேய்த்து, போஸ்டர் கலரில் பக்கத்து நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நிறத்தில் தொடங்கித் தொட்டு வையுங்கள். நிறம் போதவில்லை என்றால் மேலே இன்னொரு கை கொடுக்கலாம், கறுத்துவிட்டால் எடுப்பது கடினம்.